கனடாவில் குடியேறுவோரின் சேமிப்பு: என்ஆர்ஓ, என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர், கனடியக் கணக்கு – எது யாருக்கு?

நிரந்தர வசிப்புரிமை பெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் புறப்படும் குடும்பங்கள் விசாவுக்கும் வாடகை வீட்டுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தங்கள் சேமிப்புக்குக் காட்டுவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த தொகையை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டால், உறவினரும் நண்பரும் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: "என்ஆர்இ கணக்கு தொடங்கி டெபாசிட் போடுங்கள், வட்டிக்கு வரியே கிடையாது." வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்குகள் மூன்று வகை: இந்தியாவில் வரும் வருமானத்துக்கு என்ஆர்ஓ, வெளிநாட்டில் ஈட்டியதை ரூபாயாக வைக்க என்ஆர்இ, அதையே வெளிநாட்டு நாணயமாக வைக்க எஃப்சிஎன்ஆர்.

அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அது துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் வேலை பார்த்தவர்களின் அனுபவத்தில் விளைந்தது. வளைகுடா நாடுகளில் சம்பளம் வாங்குபவருக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. இந்தியாவும் என்ஆர்இ வட்டியை வரியிலிருந்து விலக்கியிருப்பதால், அந்த வட்டி இரு பக்கமும் வரியில்லாமல் முழுதாக அவர் கைக்கு வந்தது. கனடாவில் நிலைமை வேறு. அங்கே வசிப்பவர் உலகின் எந்த மூலையில் வருமானம் ஈட்டினாலும் அதைக் கணக்கில் காட்டி வரி செலுத்த வேண்டும். எனவே வளைகுடாவுக்குப் பொருந்திய அறிவுரையை ரொறன்ரோவுக்கும் வான்கூவருக்கும் எடுத்துச் செல்வதற்கு முன் எல்லாக் கணக்குகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பது அவசியம். இந்தக் கட்டுரை இந்தியக் குடியுரிமையோடு கனடா செல்பவர்களுக்கானது. இலங்கையிலிருந்து செல்பவர்களுக்கான அந்நியச் செலாவணி விதிகள் வேறு என்பதால் அவற்றை இங்கே கலக்கவில்லை.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது?

முதலாவது, பணம் எங்கே பிறக்கிறது என்பது. வீட்டு வாடகை, ஓய்வூதியம், பங்கு ஈவுத்தொகை போல இந்தியாவில் பிறக்கும் பணமும், கனடாவில் சம்பாதித்து அனுப்பும் பணமும் சட்டத்தின் பார்வையில் இரண்டு வகை. இவற்றுக்கான கணக்குகளும் வெவ்வேறு.

இரண்டாவது, பணம் எந்த நாணயத்தில் செலவாகப் போகிறது என்பது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது. ஆனாலும் முதலில் வட்டி விகிதத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

மூன்றாவது, இரண்டு நாடுகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் மொத்த வரி. இந்தியாவில் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் கணக்கில் பாதிதான் தெரியும்.

நான்காவது, தேவைப்படும் நாளில் பணத்தை எவ்வளவு எளிதாக எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியும் என்பது. ஐந்தாவது, வங்கி நொடித்தால் எவ்வளவு தொகைக்குக் காப்பீடு உண்டு, நாம் ஊரில் இல்லாதபோது அந்தக் கணக்கை யார் இயக்க முடியும் என்பது.

| அளவுகோல் | என்ஆர்ஓ | என்ஆர்இ | எஃப்சிஎன்ஆர் | கனடியக் கணக்கு |
|---|---|---|---|---|
| நாணயம் | ரூபாய் | ரூபாய் | டாலர் முதலிய வெளிநாட்டு நாணயம் | கனடிய டாலர் |
| போடக்கூடிய பணம் | இந்திய வருமானம். வெளிநாட்டுப் பணமும் | வெளிநாட்டிலிருந்து வரும் பணம் | வெளிநாட்டிலிருந்து வரும் பணம் | எதுவும் |
| இந்திய வரி | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| கனடிய வரி | உண்டு | உண்டு | உண்டு | உண்டு. டிஎஃப்எஸ்ஏ எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இல்லை |
| வெளியே அனுப்புதல் | நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை | வரம்பில்லை | வரம்பில்லை | பொருந்தாது |
| நாணய மாற்று அபாயம் | உண்டு | உண்டு | கனடிய டாலரில் போட்டால் இல்லை | இல்லை |
| வைப்புக் காப்பீடு | 5 லட்சம் ரூபாய் | 5 லட்சம் ரூபாய் | 5 லட்சம் ரூபாய் | 1 லட்சம் கனடிய டாலர் |

## என்ஆர்ஓ: விருப்பம் அல்ல, கட்டாயம்

நான்கில் இந்த ஒன்றை மட்டும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வேலைக்காகவோ குடியேறும் நோக்கத்துடனோ ஒருவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டதும், 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிறார். வருமான வரிக்கு 182 நாள் கணக்கு இருப்பதைப் போல இங்கே காத்திருக்கும் காலம் எதுவும் இல்லை. அதன்பின் அவர் தன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஏற்கெனவே போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கத் தேவையில்லை. அதே வட்டியில் முதிர்வு நாள் வரை அது என்ஆர்ஓ டெபாசிட்டாகத் தொடரும். கணக்கை மாற்றாமலே ஆண்டுகளைக் கடத்துவோர் ஏராளம். விதிமீறலில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

என்ஆர்ஓ கணக்கின் பெரிய குறை மூலத்திலேயே பிடிக்கப்படும் வரிதான். உள்நாட்டவருக்கு உள்ள வட்டி வரம்பு எதுவும் இதற்குக் கிடையாது. சேமிப்புக் கணக்கில் வரும் சிறு வட்டியிலிருந்துகூட 30 சதவீத வரியும் அந்த வரியின்மேல் 4 சதவீதச் செஸ் எனும் துணை வரியும் சேர்த்து 31.2 சதவீதத்தை வங்கி பிடித்துவிடும். இந்தியா, கனடா இடையேயான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி இதை 15 சதவீதமாகக் குறைக்கலாம். அதற்குக் கனடா வருவாய் முகமையிடமிருந்து வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, அதற்குரிய இந்திய வரிப் படிவத்தோடு வங்கியில் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு மறைவான செலவு இருக்கிறது. சான்றிதழ் தராததால் இந்தியாவில் 31.2 சதவீதம் போய்விட்டால், "கனடாவில் வரிக் கழிவாகப் பெற்றுக்கொள்ளலாம்" என்று பலர் நம்பியிருக்கிறார்கள். ஒப்பந்தம் அனுமதிக்கும் 15 சதவீதத்துக்கு மட்டுமே கனடா கழிவு தரும். மீதி 16.2 சதவீதத்தை இந்தியாவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். தாக்கல் செய்யாதவருக்கு அந்தப் பணம் நட்டம்தான்.

வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். சென்னையில் மாதம் 20,000 ரூபாய் வாடகை தரும் குடும்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பொறுப்பு தங்களுக்கு இருப்பதே தெரியாது. புறப்படும் முன்பே அவர்களிடம் இதைச் சொல்லி, மாதாமாதம் செலுத்தும் பொறுப்பை ஓர் ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுவது இரு தரப்பாருக்கும் நல்லது.

வாடகை, ஓய்வூதியம், சொத்து விற்ற தொகை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டும். பெற்றோருக்கு ஊரில் மாதச் செலவு தருபவருக்கும் இது வசதியானது. இந்தியாவில் இருக்கும் உறவினரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் இதன் பலம். கனடிய அலைபேசி எண்ணோடு யுபிஐ பயன்படுத்தவும் 2023 முதல் வழி உண்டு. இருந்தும் தங்கள் வங்கி அதற்கு ஒத்துழைக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் பழைய இந்திய எண்ணைக் கைவிடக் கூடாது. ஓடிபி வரும் எண் செயலிழந்தால், பணம் கணக்கில் பத்திரமாக இருந்தும் நாம் அதைத் தொட முடியாமல் போகும்.

## என்ஆர்இ: வரியில்லா வட்டி உண்மையில் யாருக்கு?

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் ரூபாயாக மாறி இந்தக் கணக்கில் சேர்கிறது. அசலையும் வட்டியையும் எந்த வரம்பும் இன்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இந்தியாவில் வட்டிக்கு வரி இல்லை. டெபாசிட்டின் குறைந்தபட்சக் காலம் ஓராண்டு. அதற்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது.

இனி கனடாவின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். என்ஆர்ஓ வட்டியில் இந்தியா 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கனடாவில் ஒருவர் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், அந்த 15 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதி 15 சதவீதத்தை அங்கே கட்டுகிறார். என்ஆர்இ வட்டிக்கு இந்தியா ஒன்றும் எடுப்பதில்லை. அதனால் கழிக்கவும் ஒன்றும் இல்லை. முழு 30 சதவீதத்தையும் கனடா எடுத்துக்கொள்கிறது. ஆக இரண்டிலும் மொத்தச் சுமை ஒன்றுதான். இந்தியா விட்டுக்கொடுத்த வரி கனடாவின் கருவூலத்துக்குப் போய்ச் சேர்கிறது. "வரியில்லா வட்டி" என்ற சொல்லை நம்பிக் கனடிய வரிக் கணக்கில் அதைக் காட்டாமல் விடுபவர்கள், பின்னாளில் அபராதத்தையும் நிலுவை வட்டியையும் சேர்த்துக் கட்டும் அபாயத்தில் இருக்கிறார்கள்.

அடுத்தது ரூபாயின் மதிப்பு. எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கனடிய டாலர் 60 ரூபாயாக இருக்கும் நாளில் 10,000 டாலர் அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். 6,00,000 ரூபாய் டெபாசிட் ஆகிறது. ஓராண்டு வட்டி 7 சதவீதம் என்றால் 42,000 ரூபாய் சேர்ந்து 6,42,000 ரூபாய் ஆகிறது. அதற்குள் டாலர் 63 ரூபாய்க்கு ஏறியிருந்தால், திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 10,190 டாலர். டாலர் கணக்கில் லாபம் 190 மட்டுமே. ஆனால் கனடா வரி கேட்பது இந்த 190 டாலருக்கு அல்ல, 42,000 ரூபாய் வட்டிக்கு. அது ஏறத்தாழ 667 டாலர். 30 சதவீத அடுக்கில் வரி 200 டாலர். லாபத்தைவிட வரி அதிகமாகி, வட்டி வாங்கிய பிறகும் கையில் 10 டாலர் குறைகிறது. அசலில் ஏற்பட்ட நாணய மாற்று நட்டத்தை வட்டியிலிருந்து கழிக்கவும் முடியாது. அது மூலதன நட்டம் என்பதால் மூலதன லாபத்துக்கு எதிராக மட்டுமே பயன்படும். அதிலும் ஆண்டின் முதல் 200 டாலர் நட்டம் கணக்கில் சேராது.

அதே 10,000 டாலரைக் கனடிய வங்கியிலேயே 3 சதவீத வட்டிக்கு வைத்திருந்தால் 300 டாலர் வட்டி, 90 டாலர் வரி, மீதம் 210 டாலர். மேலே சொன்ன என்ஆர்இ டெபாசிட் இந்த 210 டாலருக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், ஓராண்டு முடிவில் கனடிய டாலர் ஏறத்தாழ 61 ரூபாய் 60 காசைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ரூபாய் அப்படியே 60-இல் நின்றால் என்ஆர்இ வரிக்குப் பின் 490 டாலர் தந்திருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015-இன் இறுதியில் 50 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த கனடிய டாலர், 2025-இன் நடுப்பகுதியில் 62 ரூபாய்க்கு மேல் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு இரண்டே முக்கால் சதவீத அளவு ஏற்றம். நாம் மேலே கண்ட சமநிலைப் புள்ளியும் கிட்டத்தட்ட அதேதான். இந்த ஏற்றம் ஆண்டுதோறும் சீராக நடக்கவில்லை. ஆகவே கனடாவில் செலவிடப் போகும் பணத்தை என்ஆர்இ டெபாசிட்டில் போடுபவர், கூடுதல் வட்டிக்காக அல்லாமல் ரூபாயின் போக்கின் மீது பந்தயம் கட்டுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

ஐந்தாண்டுக்கு மொத்தமாக முதிரும் டெபாசிட் போட்டால் முடிவில் ஒரே முறை வரி கட்டினால் போதும் என்று எண்ணுவதும் சரியல்ல. வட்டி கைக்கு வராவிட்டாலும் ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைக் கனடாவில் காட்ட வேண்டும். இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. கனடிய வரி ஆண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் எனக் காலாண்டு முடிவில் வரவு வைக்கப்பட்ட வட்டியைக் கணக்கு அறிக்கையிலிருந்து தனித்தனியாக எடுத்துப் பிரித்து, கனடிய டாலராக மாற்றித்தான் காட்ட முடியும். நான்கைந்து டெபாசிட்கள் வைத்திருப்பவருக்கு இது ஆண்டுதோறும் கணிசமான வேலை.

என்ஆர்இ தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. சில ஆண்டுகளில் ஊர் திரும்பி வீடு கட்டவோ ஓய்வெடுக்கவோ உறுதியாகத் திட்டமிட்டவருக்கு ரூபாய்தான் செலவு நாணயம். அவருக்கு டாலர் மதிப்பு பெரிய பொருட்டல்ல. தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் தவணை கட்டுபவருக்கும், பெற்றோரின் மருத்துவச் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பவருக்கும் இது பொருந்தும். வளைகுடாவில் இருப்பவருக்கு வரி நோக்கில் இன்றும் இதுவே சிறந்தது. சிங்கப்பூரும் தனிநபரின் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விதிப்பதில்லை என்பதால் அங்குள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

## எஃப்சிஎன்ஆர்: டாலராகவே இந்தியாவில்

இது டெபாசிட் மட்டும்தான்; அன்றாடச் செலவுக்கான கணக்கு அல்ல. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோ, கனடிய டாலர் போன்ற நாணயங்களில் போடலாம். போட்ட நாணயத்திலேயே திரும்பக் கிடைப்பதால் ரூபாய் சரிந்தாலும் நட்டமில்லை. இந்தியாவில் வட்டிக்கு வரியும் இல்லை.

கனடாவில் வசிப்பவருக்கு இதிலும் வட்டி வரிக்கு உட்பட்டதே. ஆகவே கனடிய டாலரில் எஃப்சிஎன்ஆர் போடுவதும் கனடிய வங்கியில் ஜிஐசி எனப்படும் காலவைப்பில் போடுவதும் வரி நோக்கில் ஒன்றுதான். எந்த வட்டி அதிகமோ அதை எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். அதே பெயரில் உள்ள என்ஆர்ஓ, என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர் எல்லாம் சேர்த்தே இந்த வரம்பு. 60 ரூபாய்க் கணக்கில் அது 8,300 டாலர் அளவுதான். கனடாவின் வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஓர் உறுப்பு நிறுவனத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் 1 லட்சம் டாலர் வரை காக்கிறது. கால் சதவீதம், அரைச் சதவீதம் கூடுதல் வட்டிக்காக 50,000 டாலரைக் கனடாவிலிருந்து இந்தியாவுக்கு நகர்த்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அமெரிக்க டாலரில் போட்டால் வட்டி கவர்ச்சியாக இருக்கக்கூடும். அப்போது அமெரிக்க டாலருக்கும் கனடிய டாலருக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் நம் தலையில் விழும்.

ஊர் திரும்பப் போவது உறுதி, ஆனால் ரூபாயின் சரிவுக்கு அஞ்சுகிறோம் என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. இந்தியா திரும்பிய பிறகும் டெபாசிட் முதிர்வு வரை தொடரும். திரும்பிய முதல் சில ஆண்டுகளுக்கு, வரிச் சட்டத்தின்படி சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர் என்ற நிலை நீடிக்கும்வரை, இந்த வட்டிக்கு இந்தியாவில் விலக்கும் தொடரும்.

## கனடியக் கணக்கு: வட்டி குறைவு, தேவை அதிகம்

இறங்கிய முதல் சில மாதங்களில் பணம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரையும். ஒன்டாரியோவில் வீட்டு உரிமையாளர் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்னதாகக் கேட்கலாம். கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வீடு கிடைப்பதற்கே சில இடங்களில் வங்கி இருப்புச் சான்று தேவைப்படும். இந்தியாவில் எவ்வளவு உயர்ந்த சிபில் மதிப்பெண் இருந்தாலும் கனடாவில் எல்லாம் தொடக்கத்திலிருந்துதான். அங்கே மதிப்பெண் 300 முதல் 900 வரை. பிணைத் தொகை கட்டிப் பெறும் கடன் அட்டையைச் சிறு செலவுகளுக்குப் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்துவதே அதைக் கட்டியெழுப்பும் வழி.

வேலை இல்லாவிட்டாலும், போடுவதற்குப் பணமே இல்லாவிட்டாலும், உரிய அடையாள ஆவணங்கள் இருந்தால் கணக்குத் தொடங்குவது கனடாவில் உரிமை. பெரிய வங்கிகள் புதிதாகக் குடியேறியவர்களுக்கென்று திட்டங்கள் வைத்திருக்கின்றன. அவற்றில் கட்டணமில்லாக் காலம் முடிந்ததும் மாதக் கட்டணம் தானாகத் தொடங்கிவிடும். அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு குறைந்த கட்டணக் கணக்குக்கு மாறிவிடலாம். எஸ்பிஐ கனடா, ஐசிஐசிஐ கனடா ஆகியவை பெயரில் நம் ஊர் வங்கிகளைப் போலத் தோன்றினாலும் கனடியச் சட்டத்துக்கு உட்பட்ட தனி வங்கிகள். அங்கே வைக்கும் கனடிய டெபாசிட்டுக்குக் கனடியக் காப்பீடே பொருந்தும்.

கனடாவில் உண்மையிலேயே வரியில்லாத வட்டி வேண்டுமென்றால் அதற்கு இடம் டிஎஃப்எஸ்ஏ கணக்குதான். 18 வயது நிறைந்தவர் கனடாவில் வசிப்பவரான ஆண்டிலிருந்து அவருக்கு இடம் உருவாகிறது. 2024-லும் 2025-லும் ஆண்டு வரம்பு 7,000 டாலர். முன்பு நாம் பார்த்த 10,000 டாலரில் 7,000 டாலர் இங்கே இருந்தால் அதன் வட்டிக்கு ஒரு சென்ட்கூட வரி இல்லை. கணவனும் மனைவியும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். கவனம் தேவைப்படுவது ஓரிடத்தில்தான்: இத்திட்டம் 2009-இல் தொடங்கியதால் அத்தனை ஆண்டுகளுக்கான வரம்பும் தங்களுக்குச் சேர்ந்திருக்கிறது என்று சில புதியவர்கள் நினைத்துப் பெருந்தொகையைப் போட்டுவிடுகிறார்கள். வசிப்பதற்கு முந்தைய ஆண்டுகள் கணக்கில் வராது. மிகுதித் தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் அபராத வரி.

## இந்தியாவில் விட்டுவைப்பதற்கான விலை: டி1135

எந்த இந்தியக் கணக்கைத் தேர்ந்தாலும் இந்தப் படிவத்தை அறிந்திருக்க வேண்டும். ஆண்டின் எந்த நேரத்திலாவது வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க விலை மொத்தம் 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால், அவற்றை டி1135 படிவத்தில் காட்ட வேண்டும். வங்கி இருப்பு, டெபாசிட், இந்தியப் பங்குகள், வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் இதில் சேரும். சொந்த உபயோகத்துக்கான வீடு சேராது. 60 ரூபாய்க் கணக்கில் வரம்பு 60 லட்சம் ரூபாய்தான். சென்னையில் வாடகைக்கு விட்ட ஓர் அடுக்ககமே பல வேளைகளில் அதைத் தாண்டிவிடும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 25 டாலர் வீதம் 2,500 டாலர் வரை அபராதம் உண்டு. கனடாவில் முதன்முதலாக வசிப்பவராகும் ஆண்டுக்கு மட்டும் இந்தப் படிவம் தேவையில்லை.

இதில் நமக்குச் சாதகமான விதி ஒன்றும் இருக்கிறது. குடியேறும் நாளில் இருந்த சந்தை மதிப்பையே நம் சொத்தின் வாங்கிய விலையாகக் கனடா எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் ஏறிய மதிப்புக்கு அங்கே வரி இல்லை. எனவே புறப்படும் வாரத்தில் பங்குகளின் சந்தை விலையைப் பதிந்துவைத்து, வீட்டுக்கும் மனைக்கும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்கி வைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து விற்கும்போது பழைய தேதிக்கு மதிப்பு தேடி அலைவது பெரும்பாடு.

## பணத்தைப் புறப்படும் முன் அனுப்புவதா, பின்னரா?

கனடாவுக்கு ஒரு தொகை போக வேண்டும் என்று முடிவாகிவிட்டால், எந்த நாளில் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து வழியும் செலவும் மாறுகின்றன. இந்தியாவில் வசிக்கும்வரை ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். குடியேற்றமும் அதில் ஏற்கப்பட்ட காரணம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஒருவர் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இவ்வகையில் அனுப்பினால், மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை டிசிஎஸ் எனும் முன்கூட்டிய வரிப்பிடித்தமாக வங்கி வசூலிக்கிறது. இது கூடுதல் வரி அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். ஆனால் 30 லட்சம் அனுப்புபவருக்கு 4 லட்சம் ரூபாய், பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களில் முடங்கிக் கிடக்கும்.

வரம்பு ஆளுக்கும் நிதியாண்டுக்கும் தனித்தனி என்பதால் இதைத் தவிர்க்க முடியும். மே மாதம் புறப்படும் தம்பதியர் மார்ச்சில் தலா 10 லட்சமும் ஏப்ரலில் தலா 10 லட்சமும் அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால், டிசிஎஸ் ஒரு ரூபாய்கூட இல்லாமல் 40 லட்சம் ரூபாய் கனடா போய்ச் சேர்கிறது. அதை வாங்கிக்கொள்ளக் கனடாவில் கணக்கு இருக்க வேண்டும். சில வங்கிகள் இந்தியாவிலிருந்தபடியே கணக்குத் தொடங்க அனுமதிப்பதால் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது. கையில் ரொக்கமாகவோ வங்கி வரைவோலையாகவோ 10,000 கனடிய டாலருக்குச் சமமாகவோ அதற்கு மேலோ கொண்டுசென்றால் கனடிய எல்லை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. கொண்டுவந்த சேமிப்புக்குக் கனடாவில் வரியும் இல்லை.

புறப்பட்ட பின் இந்தத் திட்டம் மூடிவிடும்; அதன்பின் என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பும் வழி திறக்கிறது. வரம்பு பெரியது, டிசிஎஸ் கிடையாது. பதிலுக்கு, பணம் எங்கிருந்து வந்தது, வரி கட்டப்பட்டதா என்பதற்கு ஆடிட்டரின் சான்றிதழும் இணையவழி அறிவிப்பும் தேவைப்படும்; அவருக்கான கட்டணமும் ஒவ்வொரு முறையும் உண்டு. ஆகவே 40 லட்சத்துக்கு உட்பட்ட சேமிப்பென்றால் நிதியாண்டு மாறும் வேளையைப் பயன்படுத்தி முன்னதாக அனுப்புவதும், வீடு விற்ற பெருந்தொகையென்றால் பொறுத்திருந்து என்ஆர்ஓ வழியாக ஒரே தடவையில் அனுப்புவதும் செலவு குறைந்தவை. எந்த வழியானாலும் வங்கி விளம்பரப்படுத்தும் அனுப்பும் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அன்றைய சந்தை மாற்று விகிதத்துக்கும் வங்கி தரும் விகிதத்துக்கும் இடையில் டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தால், 40 லட்ச ரூபாயில் அதுவே 60,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். இரண்டு மூன்று வங்கிகளிடம் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் விகிதம் கேட்டு எழுதி வாங்கினால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். பெருந்தொகைக்கு விகிதத்தைக் குறைத்துக் கேட்கவும் செய்யலாம். கிளை மேலாளரிடம் நேரில் பேசினால் பெரும்பாலும் சில காசுகளாவது இறங்கி வருவார்கள்.